நடைபாதைக்கு ஒரு சான்று

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கைதட்டல் கிடையாது, வீட்டில் மரியாதையும் கிடையாது. கிடைப்பதெல்லாம் ஒரு பேச்சுப் பக்கம்தான். முன்பின் தெரியாத மனிதர்கள் அங்கே வந்து, நீங்கள் எழுதியது தப்பு என்று மிகவும் பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தப் பாக்கியத்துக்காகவே காலையில் அரைமணி நேரம் முன்னதாக எழுந்திருக்கிற பிறவிகள் உலகத்தில் உண்டு. அரைப்புள்ளி அந்த இனத்தைச் சேர்ந்தவள்.

அரைப்புள்ளி என்பது களஞ்சியத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர். வெளியே அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டையும் நோயாளியின் தாளையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டைக்கூடத் தொடமாட்டாள். அதே கண்ணோடு ஏழு வருஷமாகக் களஞ்சியத்திலும் உட்கார்ந்திருக்கிறாள். ஆதாரம் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். கூட இருக்கும் அம்மா மட்டும், ஊரில் இருக்கிற பொய்யையெல்லாம் திருத்துகிற மகாராணி வீட்டுக் குழாய் ஒழுகுவதைத் திருத்தக் கூடாதா என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வருஷம் நகர மன்றத்துக்கு ஆற்றுப் பாலத்தை அகலப்படுத்தும் ஆசை வந்தது. பழைய பாலம் அது. ஒரு ஓரமாக, சாலையைவிட இரண்டடி உயரத்தில், இரும்புக் கைப்பிடியோடு ஒரு நடைபாதை ஓடுகிறது. அதை இடித்துவிட்டால் கார்களுக்கு இன்னொரு வரிசை கிடைக்கும். நடந்து போகிறவர்கள் அடுத்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகலாமாம், முக்கால் மணி நேரம்தான் ஆகுமாம். இதைச் சொன்ன பொறியாளர் காரில் வந்து இறங்கித்தான் சொன்னார்.

இதைக் கேட்டு முதலில் கொதித்தவள் அரைப்புள்ளியின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரி. அவளிடம் துணி கொடுப்பவர்களில் பாதிப் பேர் அக்கரைக்காரர்கள். நடைபாதை போனால் அவர்கள் போவார்கள், அவர்கள் போனால் கடையும் போகும். இரண்டு வாரத்தில் அறுநூறு கையெழுத்து வாங்கிவிட்டாள். ஆனால் கையெழுத்தை வைத்து என்ன செய்வது? மன்றத்தின் விதிப்படி, வரலாறு உள்ள பொதுவழி என்று காட்டினால்தான் இடிப்பதற்கு முன் மொத்த மன்றமும் கூடி வாக்கெடுக்க வேண்டும். வரலாற்றுக்கு எங்கே போவது என்று தேடியவளுக்குக் களஞ்சியத்தில் அந்தப் பாலத்துக்கென்றே ஒரு பக்கம் கிடைத்தது. அதில் ஒரு வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மனுவின் முதல் தாளாக வைத்தாள்.

‘மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நடந்து நூல் ஆலைக்குச் சென்ற பெண்களைக் கண்டு மனம் பொறுக்காத மேஸ்திரி ஒருவர், மேலதிகாரிகளிடம் வாதாடி இந்த நடைபாதையை அமைக்கச் செய்தார்.’ கீழே ஒரு செய்தித்தாள் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது.

படித்தவர்கள் எல்லோரும் உருகினார்கள். மன்ற அலுவலகத்தில் இருந்த எழுத்தர் மட்டும் உருகவில்லை. அந்தச் செய்தித்தாளின் தேதியும் நகலும் வேண்டும் என்றார். விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரி மாடியேறி வந்து, நீதானே இதிலெல்லாம் கெட்டிக்காரி, பார்த்துச் சொல்லு என்று அரைப்புள்ளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், என்றைக்கு, எந்த எழுத்தைத் தொட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அரைப்புள்ளி சாவகாசமாக அதைத் திறந்தாள். செய்தித்தாள் ஐந்து வருஷத்துக்கு முந்தையது. வாக்கியம் அந்தப் பக்கத்தில் ஏறியது ஏழு வருஷத்துக்கு முன்னால். ஏற்றியவர் பெயர், அரைப்புள்ளி.

களஞ்சியத்தில் சேர்ந்த முதல் வாரம், சான்று கீன்று எதுவும் தெரியாத காலம். சின்ன வயதில் அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். அப்படியே என்றுகூடச் சொல்ல முடியாது. அம்மா சொன்னது, யாரோ ஒரு நல்ல மேஸ்திரி கட்டிக் கொடுத்தார் என்பது மட்டும்தான். செருப்பைக் கையில் பிடித்தபடி என்பது அரைப்புள்ளியின் சொந்தச் சரக்கு. எழுதும்போது நன்றாக இருந்தது, சேர்த்துவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு நிருபர் அந்த வாக்கியத்தைச் செருப்போடு சேர்த்து எடுத்துத் தன் கட்டுரையில் போட்டிருக்கிறார். பிறகு களஞ்சியத்து ஆள் ஒருவர், ஆதாரம் இல்லாமல் கிடந்த வாக்கியத்துக்கு அந்தக் கட்டுரையையே சான்றாக இணைத்திருக்கிறார். நாய் தன் வாலைத் தானே துரத்திப் பிடித்துக் கடித்த கதைதான். அவளுடைய கற்பனைக்கு அவளுடைய கற்பனையே சாட்சி.

இணைத்தவர் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கத்தரி.

கத்தரியைத் தெரியாதவர்கள் களஞ்சியத்தில் இருக்க முடியாது. சான்று இல்லாத வாக்கியத்தை ஈவிரக்கமில்லாமல் வெட்டுவதால் வந்த பெயர். ஏழு வருஷத்தில் அரைப்புள்ளியும் அவரும் மோதாத கட்டுரை கிடையாது. ஒரு ஏரியின் ஆழத்துக்காக மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனாலும் அவள் காய்ச்சலில் படுத்து நான்கு நாள் வராமல் இருந்தபோது, நலமா என்று பேச்சுப் பக்கத்தில் ஒற்றைச் சொல் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் அவள் அம்மாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். அந்த மேஸ்திரி கதையை யார் சொன்னது, அவர் பெயர் என்ன என்று கேட்டாள். தான் வேலை பார்த்த நூல் ஆலையில் எல்லோரும் சொல்வார்கள், பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம் என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுப்பை அணைக்க எழுந்து போனாள். அடுப்பு எரியவே இல்லை.

திங்கட்கிழமை முழுவதும் அரைப்புள்ளிக்கு வேலை ஓடவில்லை. தேதியையும் நகலையும் கொடுத்துவிட்டால் போதும். எழுத்தர் வரலாற்றுப் பக்கத்தைத் தோண்டப் போவதில்லை. நடைபாதை நிற்கும், கடை நிற்கும், அவளும் தினமும் அதில் நடந்தே வேலைக்கு வரலாம். உண்மையைச் சொன்னால் மனுவின் முதல் தாள் போய்விடும், அதோடு எல்லாமே போய்விடும். இடிப்பது மன்றமாக இருந்தாலும் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தவள் அவளாக இருப்பாள். ஆனால் கையில் இருந்த குழாயின் சீட்டை இரண்டாம் முறை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஊரார் வாக்கியங்களுக்கெல்லாம் ஆதாரம் கேட்டுக் கழுத்தைப் பிடித்தவள், தன் பொய்க்கு மட்டும் நகல் எடுக்கப் போகிறாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் பாலத்தின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து எழுதினாள். ‘மேஸ்திரி பற்றிய வாக்கியத்தை எழுதியது நான். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. செருப்பு என் கற்பனை. காட்டப்பட்டுள்ள செய்தி நம் பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இந்த வாக்கியத்தை நம்பி ஒரு மனு மன்றத்துக்குப் போயிருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும்.’ பதிவேற்றிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மூன்று மணி நேரம் கழித்துக் கத்தரி எழுதினார். ‘சான்றை இணைத்தது நான். தேதியை ஒப்பிடவில்லை. இருபது வருஷ அனுபவம் இருந்து என்ன பயன். வாக்கியத்தை நீக்குகிறேன்.’ நீக்கியும்விட்டார். அடுத்த வரியில், ‘விசாரணை என்றைக்கு?’ என்று கேட்டிருந்தார்.

அதைவிடக் கஷ்டம் தையல்காரியிடம் சொல்வதுதான். சாயங்காலம் கடைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“உன்னை யாரு கேட்டா?” என்றாள். “நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்க்கா.”

“உனக்குத் தெரிஞ்சா உன்னோட வெச்சுக்க வேண்டியதுதானே. உனக்கு மாசாமாசம் சம்பளம் வருது. எனக்கு இந்தக் கடைதான்.”

தையல்காரி சொன்னது அத்தனையும் உண்மை. எட்டு நாளில் ஏதாவது கண்டுபிடிக்கிறேன் என்று முனகிவிட்டு மாடியேறினாள். அது தனக்கே நம்பிக்கை இல்லாத வாக்கு.

ஆனால் பேச்சுப் பக்கத்தில் அதற்குள் சந்தைக்கடை கூடியிருந்தது. களஞ்சியக்காரர்களுக்கு ஒரு குணம். சாதாரண நாளில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். யாராவது தன் தவற்றைத் தானே வந்து ஒப்புக்கொண்டால் மட்டும் உருகிப்போய்விடுவார்கள். அது அங்கே அவ்வளவு அபூர்வம். திட்ட வந்தவர்கள்கூடத் தேட உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். ஒருவர் நூல் ஆலையின் ஆண்டறிக்கைகளைப் பிடித்தார். முக்கோணம் என்ற பெயரில் வருகிற நில அளவையாளர், கடல் தாண்டிய ஊரில் இருந்துகொண்டு, பாலத்தின் புகைப்படங்களை இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் எழுதினார். ‘மனிதர்கள் நடக்க மட்டும் கட்டியதென்றால் இவ்வளவு தடிமன் தேவையே இல்லை. இது ஏதோ ஒன்றின் மூடி. உள்ளே குடிநீர்க் குழாய் ஓடியிருக்கலாம். சாலைத் துறையை விடுங்கள், குடிநீர்த் துறையில் தேடுங்கள்.’

அரைப்புள்ளிக்கு மனசு விட்டுப்போயிற்று. வெறும் குழாய் மூடி என்றால் வரலாறாவது மண்ணாவது? அப்படியே எழுதிக் கேட்டாள். கத்தரி, முதலில் பார்ப்போம், பிறகு அழலாம் என்று பதில் போட்டார். அவர் இருந்த ஊர் மூன்று மணி நேரப் பயண தூரத்தில். மன்றத்தின் பழைய அச்சுப் பதிவுகள் இருந்த ஆவணக்காப்பகமும் அங்கேதான். இரண்டு நாள் விடுப்புப் போட்டு, அவளுடைய கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனவரிடமிருந்து ஒன்றரை நாள் தகவல் இல்லை.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், பரிசோதனைக்கூடத்து வாசலில் நின்றபோது அவள் கைப்பேசி அடித்தது.

“நான் கத்தரி பேசறேன்” என்றது ஒரு குரல்.

இத்தனை வருஷம் அவள் கற்பனை செய்து வைத்திருந்தது பள்ளி ஆய்வாளரைப் போன்ற ஒரு குரலை. இது பஞ்சு மாதிரி இருந்தது. தீயணைப்பு நிலையத்தில் அழைப்புகளை எடுப்பவர் அவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பதறுகிறவர்களை அமைதிப்படுத்திப் பழகிய குரல்.

“உக்காந்துக்கங்க” என்றார். “படிக்கிறேன், கேளுங்க.”

பதினொன்றாம் தொகுதியில் இருந்தது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய மன்றக் கூட்டம் ஒன்றின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பு. ‘பாலத்தின் குடிநீர்க் குழாய் மேல்தளத்தில் ஆட்கள் நடப்பதைத் தடுக்க இரு முனைகளிலும் போடப்பட்ட இரும்புக் கதவுகளின் பூட்டுகள் நான்காம் முறையாக உடைக்கப்பட்டுள்ளன. உடைப்பவர்கள் நூல் ஆலையின் அதிகாலை வேலையாட்கள் எனக் காவலாளி தெரிவிக்கிறார். பெயர் சொல்ல எவரும் முன்வரவில்லை. கதவுகளை அகற்றவும், கைப்பிடி அமைக்கவும், மேல்தளத்தைப் பொதுமக்கள் நடைபாதையாக அறிவிக்கவும் மன்றம் தீர்மானிக்கிறது.’

அரைப்புள்ளி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. வரலாறு உள்ள பொதுவழி என்று மன்றமே தன் கையால் எழுதி வைத்திருக்கிறது.

உடனே பக்கத்தில் ஏற்றுவதற்கு உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் சண்டை வந்தது. அதிகாலை வேலையாட்கள் எல்லோரும் பெண்கள் என்று ஆலையின் ஆண்டறிக்கை சொல்கிறது. ஆகவே பூட்டை உடைத்தவர்கள் பெண்கள் என்று எழுதலாம் என்றாள் அரைப்புள்ளி. கூடாது என்று கத்தரி ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு ஆவணத்தைச் சேர்த்து மூன்றாவதாக ஒரு முடிவை நாமே கட்டுவது நம் வேலை இல்லையாம். முக்கோணம் இரண்டு பக்கமும் பேசி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ‘வேலையாட்கள்’ என்றே ஏறியது. செருப்பில் சூடு கண்டவள் என்பதால் அரைப்புள்ளி அதிகம் மல்லுக்கட்டவில்லை.

கத்தரி கைப்பேசியில் அனுப்பிய நகலைத் தையல்காரி மூன்று தடவை படித்தாள், மேஸ்திரித் தாளை எடுத்துவிட்டு மனுவின் முதல் தாளாக இதையே வைப்பது என்று முடிவுசெய்தாள். கடைசியில் நாற்காலியை நகர்த்தி, உட்காரு, டீ குடி என்றாள். அவள் கோபம் போனதற்கு வேறு அறிவிப்பு வரவில்லை.

விசாரணை நாளில் மன்றக் கூடம் நிறைந்து வழிந்தது. கத்தரி பேருந்து பிடித்து வந்திருந்தார். முத்திரை வைத்த நகலை உறைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த குள்ளமான மனிதர்தான் அவர் என்பதைப் புரிந்துகொள்ள அரைப்புள்ளிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருவரும் ஏரியின் ஆழத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. முன்வரிசையில் தையல்காரியும் பக்கத்தில் அம்மாவும். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே கிளம்பி வந்திருந்தாள்.

முதலில் பொறியாளர் எழுந்தார். இது நடைபாதையே இல்லை, உபயோகம் முடிந்துபோன குழாயின் மூடி என்று வரைபடத்தைத் திரையில் காட்டினார். உள்ளே வெட்டப்பட்ட குழாயின் வாய் தெளிவாகத் தெரிந்தது. மேஸ்திரி கட்டிய கதை ஒன்று ஊரில் உலவுவதாகவும் கேள்விப்பட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். அந்த முதல் தாளோடு வந்திருந்தால் இந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

பிறகு தையல்காரி எழுந்து நடவடிக்கைக் குறிப்பைப் படித்தாள். நடைபாதையாக அறிவிக்கவும் மன்றம் தீர்மானிக்கிறது என்ற இடத்தை இரண்டு முறை படித்தாள். பொறியாளர் நகலை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்பத்தேழு வருஷமாகியும் பெயர் சொல்ல எவரும் முன்வரவில்லை போலிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொன்னார்.

“நான் சொல்றேன்” என்று அம்மா எழுந்தாள்.

அரைப்புள்ளி எட்டிப் பார்த்தாள்.

“நாங்க அஞ்சு பேர்” என்றாள் அம்மா. “நான் ஒருத்தி. மூணு பேர் இப்ப இல்ல. இன்னொருத்தி இருக்கா, அவளைக் கேக்காம அவ பேரைச் சொல்ல மாட்டேன். காலையில அஞ்சரைக்கு ஆலைக் கதவைச் சாத்திடுவாங்க. ரோட்டுல லாரி போய்க்கிட்டே இருக்கும், ஓரத்துல ஒரு ஆள் நிக்க இடம் கிடையாது. மேல இருக்கிற இடம் சும்மா கிடக்கும், பூட்டு போட்டு. எங்ககூட வந்த பொண்ணு ஒருத்தி லாரியில அடிபட்டுட்டா. அன்னைக்கு இந்த மன்றத்துல இருந்தவங்க வருத்தம் தெரிவிச்சாங்க. மறுநாள் காலையில நாங்க பூட்டை உடைச்சோம். அவங்க பூட்ட பூட்ட உடைச்சோம். இப்ப நீங்க இடிச்சீங்கன்னா எனக்கு வயசாயிடுச்சு, என்னால மறுபடி உடைக்க முடியாது. அதனாலதான் கேக்கறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்தொன்பது உறுப்பினர்களில் பதினான்கு கைகள் உயர்ந்தன. நடைபாதையை அப்படியே விட்டுவிட்டு வேறு வரைபடம் போடும்படி பொறியாளருக்குச் சொன்னார்கள். தையல்காரி அரைப்புள்ளியின் கையைப் பிடித்து, எலும்பு நொறுங்குகிற அளவுக்கு அழுத்தினாள்.

வெளியே வந்ததும் கத்தரி அம்மாவுக்குக் கைகூப்பினார். பிறகு சங்கடத்தோடு அரைப்புள்ளியிடம் திரும்பி, இவங்க இப்பச் சொன்னதை மன்றம் அச்சிட்டு வெளியிடறவரைக்கும் நாம பக்கத்துல சேர்க்க முடியாதுங்க என்றார். இவர் என்ன, என்னையே நம்பமாட்டேன் என்கிறாரா என்று அம்மா கேட்டாள். அவர் யாரையுமே நம்பமாட்டார், அதனால்தான் நாம் ஜெயித்தோம் என்றாள் அரைப்புள்ளி.

தாயும் மகளும் பாலத்தின் வழியாகவே வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. எதிரே வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. பாதித் தூரம் வரைக்கும் அரைப்புள்ளி பொறுத்துப் பார்த்தாள்.

“ஏம்மா என்கிட்ட மறைச்ச?”

“உனக்கு அப்ப எட்டு வயசு. எதைச் சொன்னாலும் பள்ளிக்கூடத்துல போய் ஒப்பிச்சிட்டு வருவ. பூட்டை உடைச்சவ பொண்ணுன்னு உன்னை யாரும் சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு.”

“அப்ப அந்த மேஸ்திரி?”

அம்மா நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்படி ஒரு நல்ல மனுஷன் இருந்திருந்தா, நாங்க ஏன்டி பூட்டை உடைக்கணும்?”